பதின்மூன்றாவது குட்டி

எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், "பாம்பைக் கட்டிப் போட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பாம்பை யாராவது கட்டிப் போடுவார்களா? எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குதுங்க, பயப்படாம உக்காருங்க" என்பேன்.

அது என் மகள் கல்லூரியில் படிக்கும்போது பெங்களூருவிலிருந்து வாங்கி வந்த ஜோடி. போவா என்று பெயர். மலைப்பாம்புக்குப் பங்காளி முறை, விஷம் கிடையாது, அரசாங்கத்தில் முறையாகப் பதிந்தும் இருக்கிறது. இரண்டும் பழுப்பில் கறுப்புத் திட்டுகளோடு, ஏதோ காய்ந்த சருகு போல இருந்தன.

"அட கெரகமே, இதுக்குப் போயா ஆசைப்பட்டே?" என்றேன்.

"வெளிய அப்படித்தானுங்கம்மா தெரியும். வெள்ளை உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்குது. ரெண்டும் சேந்துச்சுன்னா நாலுல ஒரு குட்டி வெள்ளையும் மஞ்சளுமா, செவப்புக் கண்ணோட பொறக்கலாம்."

அவை பருவத்துக்கு வர நாலு வருடம் காத்திருக்க வேண்டுமாம். ஒரு வருடம் அவளே வளர்த்தாள். பிறகு மேல்படிப்புக்கு ஜெர்மனி போனாள், வேலையும் அங்கேயே அமைந்துவிட்டது. விமான நிலையத்தில் நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அவளானால் தண்ணீர்க் கிண்ணத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்று பாடம் எடுக்கிறாள். கடைசியில்தான், "குட்டி போடறப்பக் கண்டிப்பா வாரேனுங்கம்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பாம்பு வளர்த்தேன். வேறென்ன, எனக்கென்ன பாம்பு மேல் பாசமா அப்போது?

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் அந்த அறை வாசலைத் தாண்டியதே இல்லை. "ஏம்புள்ள, பாம்புக்குப் போட எலி வெக்கிற பிரிட்ஜுல மறந்தாப்புல தயிர வெச்சுப்போடாதே" என்பதோடு அவர் பங்கு முடிந்தது. ஆனால் கரண்ட் போனால் பெட்டி குளிர்ந்துவிடும் என்று அந்த அறைக்குத் தனியாக இன்வெர்ட்டர் மாட்டியதும் அவர்தான். அவருக்கும் மகள் வர வேண்டும்.

நாலாம் வருடம் மார்கழிக் குளிரில், அவள் போனில் சொல்லச் சொல்ல, இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டேன். மாசி பிறந்ததும் பெண் பாம்புக்கு வயிறு தெரிந்தது. இந்த ஜாதி முட்டையிடாது, குட்டிதான் போடும். பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டில் பாம்புக்குப் பிரசவம், அதற்காவது என் மகள் வருவாளா என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனி கடைசியில் போன் வந்தது.

"லீவு கெடைக்கலீங்கம்மா. பொறந்ததும் வீடியோவுல காட்டுங்க."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆடியில் ஒரு மத்தியானம், சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பெட்டி முழுக்கக் குட்டிகள். பதின்மூன்று. பன்னிரண்டு தாயைப் போலவே பழுப்பு. ஒன்று மட்டும் மஞ்சள் தடவிய தேங்காய்ச் சில்லு மாதிரி! அப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை. கையில் எடுத்ததும் என் விரலைச் சுற்றிக்கொண்டது. இதை வீடியோவில் காட்டிவிட்டால் அவள் அப்புறம் எதைப் பார்க்க வருவாள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரத்துணி விரித்து, அதை உள்ளே விட்டு மூடினேன். பிறகு போன் போட்டேன்.

"பன்னெண்டு குட்டி, கண்ணு. வெள்ளை ஒண்ணுகூட இல்ல. அடுத்த வருசம் பாக்கலாம், அப்ப நீ வந்துரு."

அவள் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"பன்னெண்டுல ஒண்ணுகூட இல்லீன்னா, வித்தவன் ஏமாத்திப்போட்டானுங்கம்மா. உள்ளுக்குள்ள வெள்ளையே இல்ல. எல்லாத்தையும் வளக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தரலாம். இனி உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்?"

நாலில் ஒன்று என்ற அவள் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. அவள் வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை நானே கெடுத்துவிட்டேனே! டப்பாவைத் திறந்து போனுக்கு முன்னால் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "ஏனுங்கம்மா மறைச்சீங்க?"

"இதையும் போனுலயே பாத்துட்டீன்னா நீ வருவியா?"

அவள் கண் துடைப்பது தெரிந்தது. "போன அது மேல இருந்து எடுத்துருங்கம்மா, இனி போனுல பாக்க வேண்டாம். சின்னதா இருக்கறப்பவே நான் அதைக் கையில வாங்கோணும். அதுக்குள்ள வந்தர்றேன்."

பன்னிரண்டையும் பதிவோடு கொடுத்தாயிற்று. அடுத்த ஆடியும் வந்துவிட்டது. அவள் வரவில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் அந்த வெள்ளைக் குட்டியை வீடியோவில் காட்டச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது என் கை நீளத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. உரித்த சட்டைகளை அவள் பீரோவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் கேட்டாள். "எவ்வளவு பெருசாச்சுங்கம்மா?"

"எங்க வளருது? இன்னும் சின்னதாத்தான் இருக்குது கண்ணு."

பாம்பு மாதத்துக்கு எவ்வளவு வளரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"சரிங்கம்மா" என்றாள். "அப்படியே இருக்கட்டும். வாரேன்."