ரிசர்வாயர் மாத்தியாச்சு

2004ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். நாங்கள் மொன்றியலில் ரொக்ஸ்பரோப் பக்கம் குடியிருந்தோம். மறக்க முடியாத அனுபவம் என்றால் பலரும் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதவின கதையைத்தான் எழுதுகிறார்கள். என்னுடையது அப்படிப்பட்டதில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை ஆற்றவும் நான் விரும்பவில்லை.

அப்போதுதான் புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதற்கு முன் வருடக்கணக்காக இரவிரவாக அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவள் நான். இது பகல் வேலை. நிரந்தரமாகிவிட்டால் பிள்ளைகளின் பல்லு வைத்தியம் வரைக்கும் கம்பனியே பார்க்கும். ஆனால் முதல் சில மாதங்கள் பரீட்சைக் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் போ என்று விடுவார்கள். வேலை விடியவே தொடங்கும். எங்கள் பக்கத்திலிருந்து பஸ் பிடித்தால் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. என் கணவர்தான் தன்னுடைய பிக்கப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பெயின்ற் அடிக்கிற தன் வேலைக்குப் போவார்.

அது ஒரு கிழட்டு டீசல் பிக்கப். கட்டின மனிசியை விட அவருக்கு அதில்தான் பாசம். மாரி முழுக்க வீதியில் கொட்டுகிற உப்பு அதன் அடிப்பாகத்தை அரித்துக்கொண்டே வந்தது. அந்த மாதம் அதற்கு ஒரு புது வருத்தம் பிடித்தது. வீட்டு வாசலில் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். வேலைக்குப் போகிற வழியில் சென் ஜான் வீதிக்கு வந்ததும் இழுவை குறைந்து, இருமி இருமி நடுவழியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்ப ஓடும். இதனால் இரண்டு தரம் வேலைக்குப் பிந்திப் போனேன். மேற்பார்வையாளராக இருந்த பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு தரம் பிந்தினால் வர வேண்டாம் என்று சிரித்த முகத்தோடேயே சொல்லிவிட்டாள்.

கணவர் ஒரு கராஜுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டார். கராஜ்காரருக்குப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். நான் அப்போது பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நானும் வருகிறேன் என்றேன்.

"வாகனம் திருத்தப் போறதுக்கு மனிசியையும் கூட்டிக்கொண்டு போனால் பாக்கிறவன் சிரிப்பான்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

கராஜ்காரர் டீசல் பில்டரைக் கழற்றி, அதிலிருந்த, சாயத் தண்ணி மாதிரிப் பழுப்பான டீசலை இவருக்கு ஊற்றிக் காட்டியிருக்கிறார். புது பில்டர் போட்டுவிட்டு, இதோடு முடியாது, 'ரெசர்வுவார்' மாற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவர் எல்லாம் விளங்கின மாதிரி, "ஓகே, ஓகே, மை பிரெண்ட் டூ", தன் பிரெண்ட் செய்வார் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தப் பிரெண்ட் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். ஊரில் உழவு மெசின் திருத்தினவராம். எனக்கு அண்ணை முறையில் பழக்கம். கேட்டதும் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "ரிசர்வாயர் எண்டால் ரேடியேட்டருக்குப் பக்கத்திலை இருக்கிற தண்ணிப் போத்தல்தான். குளிருக்கை தண்ணி ஓட்டம் சரியில்லை, இஞ்சின் சூடாகி நிக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் அறிந்த ரிசர்வாயர் அதுதான்.

நான் தேத்தண்ணியோடு நின்றேன். வகுப்பில் அதற்கு முதல் வாரம்தான் பெற்றோல் அடிக்கிற செட்டில் கதைப்பது பற்றிப் படித்திருந்தோம்.

"அண்ணை, பிரெஞ்சிலை ரெசர்வுவார் எண்டால் எண்ணெய் அடிக்கிற தாங்கி. அந்தாள் டீசல் தாங்கியைத்தான் சொல்லியிருக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், ஒரு சிரிப்பு! "தங்கச்சி வகுப்புக்குப் போய் மெக்கானிக்காவே வந்திட்டா" என்றார் அண்ணை. "உமக்கென்ன தெரியும்? நீர் தேத்தண்ணியை வையும்" என்றார் இவர். நானும் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

எங்கேயோ பழைய சாமான் யார்டில் ஒரு போத்தல் எடுத்துவந்து பூட்டினார்கள். "ரிசர்வாயர் மாத்தியாச்சு!" என்று அண்ணை வீட்டுக்குள் வந்து அறிவித்தார். கழற்றின போத்தலின் அடியில் இருந்த பழுப்பு ஊத்தையை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "பாத்தீரோ கறளை?" என்றும் கேட்டார். இரும்புதான் துருவேறிக் கறள் பிடிக்கும், பிளாஸ்ரிக் எந்த ஊரில் பிடிக்கும்? புது பில்டரின் புண்ணியத்தில் பிக்கப் சில நாள் ஒழுங்காக ஓடியது. போத்தல்தான் காரணம் என்று இவர் வழி முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார்.

அடுத்த கிழமையே சென் ஜான் வீதியில் திரும்ப நின்றது. அது திரும்ப ஓடும் வரை காத்திராமல் நான் இறங்கி நடந்தேன். முகத்தில் அடிக்கிற பனிக்காற்றில், சப்பாத்துக்குள் ஈரம் ஏற, ஓடியும் நடந்தும் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வேலையில் நின்றார்கள். மேற்பார்வைப் பெண் என் கழுத்தில் தொங்கின வேலை அட்டையைத் தரச் சொல்லிக் கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து பஸ் தரிப்பில் நின்று அழுதேன். கவலையில் வந்த அழுகை இல்லை, முழுக்க ஆத்திரம்.

கராஜ்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இரண்டு பேரும் சண்டைக்குப் புறப்பட்டார்கள். இந்த முறை நான் யாரிடமும் கேட்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு முன்சீற்றில் ஏறி இருந்துவிட்டேன். அண்ணை பின்சீற்றில் இருந்தார், மடியில் அந்தப் பழைய போத்தல். சாட்சிக்காம்!

கராஜுக்குள் போனதும் அண்ணை போத்தலைத் தூக்கிக் காட்டி, "யூ சே ரிசர்வாயர்! வீ சேஞ்ச் ரிசர்வாயர்!" என்று கத்தினார். கராஜ்காரர் போத்தலைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் நின்றார். நான் முன்னுக்குப் போய், வகுப்பில் படித்த பிரெஞ்சில், நீங்கள் சொன்னது டீசல் தாங்கியையா என்று கேட்டேன். அதுதான் மடாம், வேறு எதைச் சொல்வேன் என்றார்.

வண்டியை உயர்த்தித் தாங்கியை இறக்கினார். உள்ளே இருந்ததை ஒரு தட்டில் ஊற்றினார். வடித்த தேயிலைச் சக்கை மாதிரிக் கறள் செதில் செதிலாக விழுந்தது. ஓடும்போது இது இழுபட்டுப் போய்க் குழாயின் வாயை அடைக்கிறது, நின்றால் கீழே படிகிறது, அதனால்தான் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். டீசல் போகிற குழாயைக் குறட்டால் மெல்லப் பிடித்தார், அது உதிர்ந்து கையோடு வந்தது. பிறகு அவர் என்னிடம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: மடாம், முதல் நாள் நீங்கள் ஏன் வரவில்லை?

நான் அதைத் தமிழில் இவருக்குச் சொன்னேன். "அந்தாள் கேக்குது, நான் ஏன் அண்டைக்கு வரேல்லை எண்டு. நீங்களே மறுமொழி சொல்லுங்கோ, நான் பிரெஞ்சிலை சொல்லுறன்" என்றேன். இவர் நிலத்தைப் பார்த்தார். அண்ணை போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வேறு தாங்கி போட்டு, குழாய்களையும் மாற்றின பிறகு அந்தப் பிக்கப் வருடக்கணக்காக ஓடியது. நான் திரும்ப இரவு வேலைக்குப் போனேன். அந்தக் களஞ்சிய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. "போனது போகட்டும், வேறை வேலை வரும்" என்று இவர் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், அண்ணை நாலு பேருக்கு நடுவில் நின்று, "நான் அப்பவே சொன்னனான் டீசல் தாங்கிதான் எண்டு" என்று அளந்துகொண்டிருந்தார். இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் கையில் இருந்த கேக் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, எல்லோரும் கேட்க, "இல்லை அண்ணை, நீங்கள் மாத்தினது போத்தல். தாங்கி எண்டு சொன்னது நான். நீங்கள் சிரிச்சனீங்கள்" என்றேன்.

என் வேலையைக் கறள் தின்றுவிட்டது என்று இவர் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லுவார். உங்கடை சிரிப்புத் தின்றது என்று நானும் ஒவ்வொரு தரமும், அந்த ஆட்களுக்கு முன்னாலேயே திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.