ஒத்தக் கண்ணும் மெஷின் கையும்

எனக்கு ஒரு கண்ணுதான். எடது கண்ணு இருபது வயசுலயே போச்சு. வலையில இருந்து கெளுத்தி ஒண்ண உருவும்போது துள்ளி முள்ள ஏத்திடுச்சு. மிச்சம் இருந்த வலது கண்ணுல சதை வளர ஆரம்பிச்சுது. மூக்கோரத்துல கெளம்பி கருவிழி மேல கொஞ்சம் கொஞ்சமா ஏறுற சதை. வெயிலு, உப்புக்காத்து, ஏரித்தண்ணி மேல இருந்து கண்ணுல அடிக்கிற கூச்சம் எல்லாம் சேந்து பண்ற வேலையாம். பழவேற்காட்டுல நிறைய பேருக்கு இது இருக்குது. ரெண்டு கண்ணு இருக்கிறவன் அதப் பெருசா எடுத்துக்க மாட்டான். எனக்கு அப்படி முடியுமா?

என் பொண்டாட்டி குவைத்துல ஒரு வீட்டுல வேலை செய்யுறா. போயி ரெண்டு வருசம் ஆவுது. எங்களுக்குப் புள்ள கிடையாது. ஏரியில எறாலே இல்லாமப் போன ஒரு வருசத்துல, "நான் போறேன்யா"ன்னு கெளம்பினா. நான் தடுக்கல. தடுத்திருக்கணும். தெனம் நம்ம சாயந்தரம் அஞ்சரைக்கு, அங்க மத்தியானம் அந்த வீட்டுக்காரங்க தூங்குற நேரமாப் பாத்து வீடியோவுல கூப்பிடுவா. ஆரம்பத்துல மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. சதை ஏற ஏற, கலங்கின தண்ணிக்குள்ள பாக்கிறாப்ல ஆயிடுச்சு. துணி கலரு தெரியும், ஆளு தெரியாது.

"இன்னாய்யா, நான் தெரியிறனா?"ன்னு கேப்பா.

"வெள்ளையா ஏதோ ஆடுது. நீதானா, இல்ல அந்த வீட்டு ஜன்னல் துணியா?"

"அப்போ அழகா இருக்கேன்னு நெனச்சுக்கோ"ன்னு சிரிப்பா.

தனியாச் சோறாக்கித் தனியாத் துன்றதுகூடப் பழகிடும். எதிர்ல பேசுற ஆளு மூஞ்சி தெரியாம ஒக்காந்திருக்கிறது இருக்கே, அதுதான் என்னால தாங்க முடியல. அவ மூஞ்சிய ஒரு தடவ ஒழுங்காப் பாக்கணும். இந்தக் கண்ணு எனக்கு வேணும்னா அதுக்குத்தான் வேணும்.

அவ போறதுக்கு முன்னாடியே ஒரு கண்ணு முகாம்ல அந்தச் சதைய எடுத்தாச்சு. மறுபடி வளந்ததுக்கு நான்தான் காரணம். ஒரு மாசம் ஏரியில எறங்காதேன்னாங்க, பத்தாம் நாளே எறங்கிட்டேன். தண்ணி நெஞ்சு வரைக்கும்தானே, கண்ணு மேலதானே இருக்குதுன்னு ஒரு மேதாவித்தனம். ஏரித்தண்ணி படாத எடத்துக்கு ஏரியால ஒண்ணும் ஆவாதுன்னு எங்க ஆளுங்க எல்லாரும் நம்புவோம். மூஞ்சிய வழிச்ச கை எந்தத் தண்ணியில இருந்து வந்துதுன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

இந்தத் தடவ மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க இருந்த டாக்டரம்மா நெறைய நேரம் பாத்தாங்க. "ரெண்டாவது வாட்டி வளந்தது அடியில கெட்டியா ஒட்டியிருக்கு. கருவிழி மேல்தோலு மெல்லிசாப் போயிடுச்சு. கை ஒரு மயிரிழை ஆழமாப் போனாலும் ஆபத்து. மெஷின் கை வெச்சுப் பண்ணலாம். நான் தள்ளி ஒக்காந்து என் கைய அசைப்பேன், அத அது சின்னதாக்கி உங்க கண்ணுல அசைக்கும். என் கை நடுங்கினாலும் அது நடுங்காது. தானா ஒண்ணும் வெட்டாது"ன்னாங்க.

"கண்ணு போயிடுமா?"

"போகாதுன்னு எழுதித் தர முடியாதுங்க ஐயா. இது எங்களுக்கும் புதுசு. உங்க கண்ணுக்கு இதுதான் பத்திரம்னு நெனைக்கிறேன்."

பொய் சொல்லாத மனுசின்னு தோணுச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.

பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல. சொன்னா அங்க சோறு தண்ணி எறங்காம கெடப்பா. "நெட்டு சரியில்லமே, வீடியோ வேணாம், சும்மா பேசு"ன்னு டபாய்ச்சேன். மீஞ்சூருக்குப் போயி ரயிலைப் புடிச்சேன். ஆஸ்பத்திரியில சிஸ்டரு, "கூட யாரு வந்திருக்காங்க அண்ணே?"ன்னு கேட்டாங்க. "வெளிய நிக்கிறாங்க"ன்னேன். வெளிய என் செருப்புதான் இருந்துது.

ஒத்தக் கண்ணுன்னு கண்ணுக்குப் பின்னாடி ஊசி போடாம, சொட்டு மருந்துலயே மரக்க வெச்சாங்க. மூஞ்சிய மூடி, கண்ணு மட்டும் தெரியிறாப்ல துணி போத்தினாங்க. மேல ஒரு வெளிச்சம். "அதையே பாருங்க, கண்ண அசைக்கக் கூடாது"ன்னு டாக்டரம்மா கொரலு ரூமோட மூலையில இருந்து வந்துது. முகாம்ல பண்ணும்போது அந்த டாக்டரு சுண்டு விரலு என் நெத்தியில ஊனியிருந்துது. சூடா இருந்துது, பயத்துக்கு அது போதும். இங்க நெத்தி மேல ஒண்ணுமே இல்ல. கண்ணுக்கு மேல நிழலா ரெண்டு கம்பி வருது, போவுது. மனுசவாடையே இல்லாத எடத்துல என் கண்ணு தெறந்து கெடந்துது.

மெஷினு நின்னுடுச்சு. "கண்ணு மேல போகுது ஐயா, வெளிச்சத்தப் பாருங்க"ன்னாங்க. பாத்தேன். மறுபடி ஆரம்பிச்சுது. மறுபடி நின்னுது. கண்ணு அசைஞ்சா அதுவே நின்னுடுமாம். மூணாவது வாட்டியும் நின்னப்போ டாக்டரம்மா, "இப்படியே போனா இன்னைக்கு வேணாம்னு விட்டுட வேண்டியதுதான்"ன்னாங்க. நான் வேணும்னு பண்ணல, கண்ணு எப்படி மேல போவுதுன்னு எனக்கே தெரியல.

சிஸ்டருதான் கண்டுபுடிச்சாங்க. "அண்ணே, துணிக்கு அடியில கையால இன்னா தேடுறீங்க?"

அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு கையும் மெத்தையத் தடவிக்கினு இருக்குது. நாங்க எறால கையாலதான் புடிப்போம். நெஞ்சளவு தண்ணியில நின்னு, பறின்னு சொல்ற ஓலைக்கூடையோட கயித்தப் பல்லுல கடிச்சிக்கினு, சேத்துல வெரல வுட்டுத் தடவுவோம். கை தேடும்போது கண்ணு வானத்தப் பாக்கும். கீழ பாத்தா கைக்குப் புத்தி வராது. பயத்துல கை அதும்பாட்டுக்குத் தேட ஆரம்பிச்சிடுச்சு, கண்ணும் அதும்பாட்டுக்கு மேல போயிடுச்சு.

"எறாலு தேடுறேன் சிஸ்டர்"னேன். யாரோ சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு.

சிஸ்டரு சிரிக்கல. துணிக்கு அடியில கைய வுட்டு என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாங்க. கை நின்னுது, கண்ணும் நின்னுது. ரெண்டு வருசமா என் கைய ஒரு மனுசரும் புடிச்சதில்லன்னு அப்போதான் ஒறைச்சுது. கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. "கொஞ்சம் தண்ணியத் தொடைங்க"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மருந்துத் தண்ணின்னு நெனச்சிருப்பாங்க. சதைய எடுத்து, மேலிமைக்கு அடியில இருந்து வெங்காயச் சருகு கணக்கா ஒரு தோல எடுத்து அந்த எடத்துல ஒட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை வுடவே இல்ல.

இந்தத் தடவ ஏரிப்பக்கமே போவல. கண்ணு மேல பிளாஸ்டிக்கு மூடி மாட்டிக்கினு, வூட்டுக்குள்ளயே கெடந்தேன். சொட்டு மருந்த நானே வுட்டுக்குவேன். பாதி கன்னத்துலதான் விழும். வெளிய வலை காய வைக்கிறவங்க பேச்சு கேக்கும். உள்ள வந்து எட்டிப் பாக்க ஒருத்தரும் இல்ல. அப்படி ஒரு பேஜாரான நாளுங்கள நான் பாத்ததில்ல. கடைசியாப் போனப்போ டாக்டரம்மா வெளக்கு அடிச்சுப் பாத்துட்டு, "நல்லா புடிச்சிருக்கு"ன்னாங்க. சுவத்துல இருந்த எழுத்த கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.

அன்னைக்கு சாயந்தரம் அஞ்சரைக்கு வீடியோவ ஆன் பண்ணேன். கண்ணு நல்லாயிடுச்சுன்னு மொதல்லயே சொல்லல. கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்புறம் சொல்லி அசத்தலாம்னு ஒரு ஆசை.

"இன்னாய்யா, நெட்டு வந்துடுச்சா? மதியத்துக்கு இன்னா துன்னே?"

அதே சிரிப்புக் கொரலு. மூஞ்சியப் பாத்தேன். ஆளு பாதியா எளைச்சிருந்தா. கண்ணுல இருந்து தண்ணி கன்னத்துல எறங்கிக்கினே இருந்துது. தொடைக்கவே இல்ல. மூக்க உறிஞ்சல, கொரலு ஒரு எடத்துல ஒடையல. "நேத்து வெச்ச கொழம்பையா துன்னே, வெளங்கிடும்"னு கிண்டலு பண்ணிக்கினே அழுவுறா. இன்னைக்கு ஆரம்பிச்ச அழுகையா இருந்தா இவ்ளோ பக்குவமா வராது. எனக்குத் தெரியாதுன்னு எத்தினி நாளா என் எதிர்லயே ஒக்காந்து அழுதுக்கினு இருந்தாளோ.

சொல்லாமயே வுட்டுடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். என் எதிர்லயாவது அழுதுட்டுப் போவட்டுமே. ஆனா பாத்தும் பாக்காதவன் மாதிரி ஒக்கார என்னால முடியல.

"இந்தாமே, கன்னத்தத் தொடை"ன்னேன்.

அவ என்னையே பாத்தா. அப்புறம் ஃபோனைப் படுக்கப் போட்டுட்டா. அந்த வூட்டு மேல்கூரையும் ஓடாத ஒரு ஃபேனும்தான் தெரிஞ்சுது.

"எப்போல இருந்துய்யா தெரியுது?"

"இன்னைக்குத்தான். இனிமே தெரியும். நீ வந்துடு."

அப்புறம் இந்த ரெண்டு வருசத்துல மொத தடவையா, அவ அழுவுற சத்தம் எனக்குக் கேட்டுது.