இருமுறை வகுத்த காடு

கல்வராயன் மலையில் மரங்களை அளக்கும் குழுவோடு நான் போனது தை மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. சின்னசேலத்தில் எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினேன், வெள்ளிமலையில் இறங்கும்போது பனி எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் நாட்குறிப்பில் இருக்கிறது. முக்கியமான ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை.

ஒரு காடு தன் உடம்பில் எவ்வளவு கரியை, அதாவது கார்பனை, சேர்த்து வைத்திருக்கிறது என்று அறிக்கை அனுப்ப மரங்களின் தடிமன் தெரிய வேண்டும். கணக்கைக் கணினி போட்டுவிடும். அளவை மனிதன்தான் எடுக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருந்ததால் தன்னார்வலனாகப் போன எனக்கு எழுதும் வேலை கிடைத்தது. அளந்தவர் அந்தப் பகுதியின் வனக்காவலர், நைனார்பாளையத்துக்காரர், வைகாசியில் ஓய்வு பெற இருந்தவர். நெஞ்சு உயரத்துக்கு வெட்டிய மூங்கில் குச்சியை மரத்தில் சாய்த்து, குச்சி முடியும் இடத்தில் டேப்பைச் சுற்றி எண்ணைச் சொல்வார். நான் எழுதுவேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் படிவத்தில் ‘விட்டம்’ என்று இருந்தது. டேப்பை மரத்தைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு. இதைப் பற்றி நான் மூன்று புத்தகங்கள் படித்திருக்கிறேன். பாவம், வகுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு மரத்தையும் மூன்று புள்ளி ஒன்று நான்கால் வகுத்து, இரண்டு தசமத்தோடு புதுப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. உதவி செய்ததைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

மாசியில் வனக்காவலர் போன் செய்தார். போன முறை எடுத்த கணக்கில் பத்தில் ஒரு பங்கு கரிகூட இப்போது இல்லையாம். மரமெல்லாம் எங்கே என்று ரேஞ்சர் மெமோ கொடுத்துவிட்டார். மெமோவுக்கு ஒழுங்கான பதில் போகாவிட்டால் ஓய்வு உத்தரவு வராது.

“நானும் அங்கியேதான் கீறேன், மரமும் அங்கியேதான் நிக்குது. கடுதாசில மட்டும் இன்னாத்துக்கு சார் எளச்சிப் போச்சு?” என்றார்.

பதிலை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். மழைக் குறைவு, ஈரம் ஆவியாதல், கோடையில் மரப்பட்டை சுருங்குதல் என்று நான்கு பக்கம். படித்துப் பார்த்தபோது எனக்கே அந்தக் காட்டின் மேல் இரக்கம் வந்தது.

ரேஞ்சருக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நேரில் பார்க்கவே வந்துவிட்டார். நானும் போனேன். முதல் மரத்தருகே நின்று என் படிவத்தைப் படித்தார்: விட்டம் இருபது சென்டிமீட்டர் சொச்சம். பிறகு வனக்காவலரின் தொடையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். காவலர் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காட்டினார். கைகள் ஒன்றையொன்று தொடவில்லை. ரேஞ்சர் தாமே டேப்பைச் சுற்றினார். அறுபத்து மூன்று.

இடையில் என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்டார். வகுத்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் டேப்பை என் மூக்கருகே நீட்டினார். அதில் ஒரு சென்டிமீட்டர் என்று போட்டிருந்த இடம் மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் நீளம் இருந்தது. “இது விட்டம் டேப்புங்க. சுத்திப் புடிச்சா அதுவே வகுத்துச் சொல்லிடும்.”

காவலர் என்னைப் பார்த்தார். “அப்ப என் காட்ட வெட்டினு போனது நீங்கதானா சார்?”

ரேஞ்சர் சிரிப்பை அடக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் மெமோ கோப்பில் ஏறிவிட்டது, அதற்கு எழுத்தில் பதில் வேண்டும் என்றார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, தவறு என்னுடையது, மரங்களின் தடிமனில் மாற்றமில்லை என்று எழுதி, தேதியும் மணியும் போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டே வரி. காவலருக்குத் திருப்தியில்லை.

“மரம் ஒண்ணுகூட கம்மியில்லன்னு தனியா எழுதுங்க சார்.”

எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். தாளை வாங்கி, மை காயும்வரை ஊதிவிட்டு, தம் கையாலேயே ரேஞ்சரிடம் கொடுத்தார்.