ஆறாம் மாடிக்குப் படியேறக் கற்றது

பிசியோதெரபிக்குக் கையோடு ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுபோனவள் ரங்கூனிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். தாமுவேயில் என் மகள் வீடு கீழ்த்தளம். அங்கே தங்கி, பக்கத்துத் தெருவிலிருந்த தனியார் பிசியோதெரபி நிலையத்துக்குப் போவதென்று ஏற்பாடு. காலை உருவி விடுவார்கள், நாம் கண்ணை மூடிப் படுத்திருக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். அங்கிருந்த பர்மாக்காரப் பெண் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ட்டி, இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையுங்க. இங்க வேலை செய்யப்போறது நீங்க, நான் இல்ல" என்றாள் பர்மிய மொழியில்.

படித்த பெண் யாராக இருந்தாலும், டீச்சரோ நர்ஸோ, இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். என் மகளைவிடச் சின்னவளான அவளையும் அப்படித்தான் கூப்பிட்டேன். கணுக்கால்வரை தமேன், அதுதான் பர்மாப் பெண்கள் கட்டும் லுங்கி, சுற்றிக்கொண்டு போனால் முழங்கால் மடங்குவது அவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை மருமகனுடைய அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். இந்த வயதில் எனக்கு இந்தக் கோலம்! படுக்க வைத்துக் காலைத் தூக்கச் சொன்னாள். பாகைமானி மாதிரி ஒன்றை வைத்து அளந்தாள். "பத்துக்கு எத்தனை வலி?" என்று கேட்டாள்.

"இதென்ன பரீட்சையா? பத்துக்குப் பதினைந்து போட்டுக்கோ" என்றேன்.

அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. "அண்ட்டிக்கு என்ன செய்ய முடியணும்னு ஆசை? அதை வச்சுத்தான் பயிற்சி."

ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கேட்கவில்லை. வீட்டிலும் கேட்கவில்லை. "என் வீட்டுக்கு ஏறணும்" என்றேன்.

என் வீடு மிங்கலா தாங்ஞுன்ட்டில், ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. படிகள் செங்குத்து, கரண்ட் போனால் பகலிலேயே இருட்டு. ஆனால் பால்கனியில் நின்றால் ரயில் போவது தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் கடைசிவரை அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் போனபின் தனியாக, யார் கையையும் பார்க்காமல், என் உலையை நானே வைத்துச் சாப்பிட்ட வீடு அது. மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது மகள் வீடு.

சயாமா ஒரு கணம் கூட வந்திருந்த என் மகளைப் பார்த்தாள். பிறகு என் முழங்காலில் கை வைத்து, "ஏறலாம் அண்ட்டி. அதுக்குத்தானே நாம இருக்கோம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம். மூலையில் ஒரு மரப்படி கிடந்தது. அதில் ஏறி இறங்க வைப்பாள். "மேலே போக நல்ல கால் முதல்ல, கீழே இறங்க கெட்ட கால் முதல்ல. ஒரு கை கைப்பிடியில, ஒரு கை தடியில. மூட்டை முடிச்சு எதுவும் தூக்கக் கூடாது." பல் விளக்கும்போதுகூட அதை மந்திரம் மாதிரி முணுமுணுப்பேன். வீட்டுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்றையும் விடவில்லை. வலியில் கண்ணீர் வரும், முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி காலைத் தூக்குவேன். ஒவ்வொரு முறையும் நான் செருப்பு மாட்டுவதற்குள் மகள் திரைக்குப் பின்னால் போய் அவளோடு கிசுகிசுத்துவிட்டு வருவாள். "என்னடி சொன்னா?" என்றால், "எல்லாம் நல்லாயிருக்காம்மா" என்பாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வருவேன்.

ஒருநாள் மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்குச் சொல்லாமலே போய் ஏறிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. பையில் விளக்குக்கு எண்ணெய், திரி, காய்ச்ச ஒரு பால் டின், வாழைப்பழம் எடுத்துக்கொண்டேன். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு டாக்சி பிடித்தேன்.

எங்கள் பக்கத்து மாடி வீடுகளிலெல்லாம் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். பேப்பர், காய்கறி எல்லாம் அதில்தான் மேலே போகும். தூக்கக் கூடாதென்று சயாமா சொல்லியிருந்தாளே, பையைக் கயிற்றில் மாட்டிவிட்டால் ஏறியபின் இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கயிறு புதிதாக, நீல நைலானாக இருந்தது. மகள் வந்து மாற்றியிருக்கிறாள், எவ்வளவு கரிசனம் என் பிள்ளைக்கு என்று மனசு குளிர்ந்து போனேன்.

பையை மாட்டிவிட்டுத் திரும்பினேன். மேலே மணி கிணுகிணுத்தது. பை தானாக ஏற ஆரம்பித்தது.

நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். நாலாவது மாடி, ஐந்தாவது மாடி தாண்டி என் பால்கனிக்குள் போய் மறைந்தது. ஆனாலும் ஏறினேன். நல்ல கால் முதலில். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்து, மறுபடி நல்ல கால் முதலில்.

என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பர்மாக்காரப் பெண் என் பையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். இது என் வீடு என்றேன். அவள் பதறிப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் உட்கார்ந்த அதே நாற்காலி.

"போன மாசம்தான் குடி வந்தோம், அண்ட்டி. உங்க பொண்ணுதான் வாடகைக்கு விட்டாங்க. அம்மாவால இனிமே ஏறவே முடியாதுன்னு பிசியோ சயாமா முதல் வாரமே சொல்லிட்டாங்களாமே?" என்றவள், என் தடியைப் பார்த்தாள், வாசல் படியைப் பார்த்தாள்.

சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எடுத்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, கெட்ட காலை முதலில் வைத்து இறங்கினேன்.

அடுத்த முறை நிலையத்துக்குப் போனபோது மகளையும் சயாமாவையும் ஒன்றாக நிறுத்தி வைத்துக் கேட்டேன். மகள் அழுதாள். "நீங்க அங்க தனியா விழுந்து கிடந்தா யாரும்மா பார்ப்பா? உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என் நல்லதுக்காம்! பெற்ற மகள்தான் இப்படி என்றால் மற்றவளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சயாமா அழவில்லை. "நோயாளிகிட்ட சொன்னா மனசு விட்டுடும், அண்ட்டி. வீட்டு ஆள்கிட்டதான் சொல்றது இங்க வழக்கம். வீட்டுக்குப் போறோம்ங்கிற நெனப்புலதானே நீங்க இவ்வளவு நடந்தீங்க?" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "நிஜமாவே ஏறினீங்களா? ஆறு மாடியும்?" கைதட்டாத குறை. பாகைமானியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தச் சந்தோஷத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டேன்.

அவள் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் நாள் கேட்ட அதே குரலில் கேட்டாள். "சரி அண்ட்டி, இனி என்ன செய்ய முடியணும்னு ஆசை?"

நான் மகளைக் கை காட்டினேன்.

"அவளையே கேளு. என்னைப் பத்தி அவகிட்டதானே பேசுவே" என்றேன்.