ஆயுத பூசையன்று கொடுத்த அப்டேட்

கம்பம் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர், ஆயுத பூசைக்கு, வீடியோக்களைச் சேமிக்க நான் அமைத்துக் கொடுத்த சர்வர் கம்ப்யூட்டரைத் துடைத்துப் பொட்டு வைத்ததோடு நிற்காமல் அப்டேட்டும் கொடுத்துவிட்டார். அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதிதாகிவிட்டது. டிஸ்குகளைப் படிக்க நான் தனியாகச் சேர்த்திருந்த ஃபைல் சிஸ்டம் அந்தக் கெர்னலுக்கு இன்னும் தயாராகவில்லை. டிஸ்குகள் திறக்கவில்லை.

“அத்தனை கல்யாணமும் போச்சாண்ணே?” என்றார் போனில்.

நான் பதறவில்லை. பழைய கெர்னலை ஒருபோதும் அழிக்கவிடாதவன் நான்.

“ஒண்ணும் போகலை. ரீஸ்டார்ட் பண்ணி, வர்ற லிஸ்ட்ல பழைய கெர்னலை செலக்ட் பண்ணுங்க.”

எல்லா வீடியோவும் திறந்தது. ஃபைல் சிஸ்டத்துக்குப் புதிய பதிப்பு வரும்வரை கெர்னல் மாறாதபடி, தேனியில் நான் இருந்த இடத்திலிருந்தே நெட் வழியாக அன்றே பூட்டினேன்.

அடுத்த ஆயுத பூசைக்கு முதல் நாள் அவரே கூப்பிட்டார்.

“அண்ணே, பொட்டாவது வைக்கலாமா?”