சங்கு ஊதும்வரை தூக்கிய வெயிட்

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெயிட் தூக்கலாம் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேச்செடுக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது ஒரு நாற்றம். நல்லெண்ணெயும் வியர்வையும் பழந்துணியில் ஊறிப் புளித்த நாற்றம். எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் சிவகாசியில் குடியிருந்த வீட்டுக்கும் ஒரு தேகப்பயிற்சிக் கூடத்துக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருந்தது. கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே தகரம், கீழே செம்மண், மூலையில் நாலு கர்லாக்கட்டை, வனஸ்பதி டின்னில் சிமெண்டை ஊற்றி இரும்புக் கம்பியின் இரண்டு முனையிலும் மாட்டிய வெயிட்டுகள். அங்கே வருகிறவர்கள் தங்கள் லங்கோடுகளை எங்கள் கொல்லைச் சுவர்மேல் காயப்போடுவார்கள். துவைத்துக் காயப்போட்டால் பரவாயில்லை. பிழிந்து அப்படியே போடுவார்கள். ஈ மொய்க்கும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர், வெள்ளைச் சேலை கட்டிப் போக வேண்டியவள். காற்றடித்தால் ஒன்றிரண்டு பறந்து வந்து என் சேலைமேல் விழும். குச்சியால் எடுத்து அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடியில் மறுபடியும் போய் நிற்பேன். குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்ட சிவகாசியில் ஒரே சேலையை இரண்டு முறை துவைப்பது என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கூடத்தை நடத்தியவரை எல்லாரும் வாத்தியார் என்பார்கள். என் உத்தியோகத்துக்கும் அதே பெயர்தான் என்பதில் எனக்கு மகா எரிச்சல். கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருப்பார். ஒருத்தன் காலைப் பிடித்துவிட்டு ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுப்பான். பழக வருகிறவர்கள் ஆளுக்கொரு முட்டை கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதைப் பித்தளை டம்ளரில் உடைத்து ஊற்றிப் பச்சையாகவே குடிப்பார். மஞ்சள் கரு மீசையில் தொங்கும். எண்ணெய் துடைத்த துண்டாலேயே அதையும் துடைத்துக்கொள்வார். சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போடப் போனவள் அதைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்ன நாட்கள் உண்டு.

கூடத்தில் கடிகாரம் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சாயங்கால மணி கேட்டதும் பயிற்சி தொடங்கும். தெருக்கோடியில் இருந்த தீப்பெட்டிக் கம்பெனி சங்கு ஊதியதும் முடியும். நடுவில் ஒன்றரை மணி நேரம்போல இருக்கும். சங்குக்கு முன்னால் கட்டையைக் கீழே வைக்கக்கூடாது என்பது வாத்தியார் போட்ட சட்டம். வைத்தவன் வாத்தியாரின் எண்ணெய்த் துணியைத் துவைக்க வேண்டும். அதைத் துவைப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று அத்தனை பேருமே பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். சங்கு ஊதியதும் டின்கள் ஒரே நேரத்தில் தரையில் விழும். எங்கள் அடுப்படிப் பாத்திரங்கள் அதிரும்.

என் தம்பி அங்கே போய்ச் சேர்ந்தது போலீசுக்காக. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். விருதுநகரில் போலீசுக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் அப்பா அந்தத் தீப்பெட்டிக் கம்பெனியில்தான் குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் வேலை பார்த்தார். மருந்து வாடை அவர் சோற்றுக் கையைவிட்டுப் போனதே இல்லை. இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தார். தம்பி அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மா ஜெபத்தில் சொல்லாத நாள் இல்லை. போலீஸ் கிடைக்காவிட்டால் வேறு எங்கே போவான்? அந்தத் தெருவில் பிள்ளைகள் போய்ச் சேருகிற இடம் அது ஒன்றுதான்.

தையல் வகுப்புக்கு வைத்திருந்த டேப்பால் அவன் மார்பை நானே அளந்து பார்த்தேன். மூச்சை இழுத்தால் போலீஸ்காரர்கள் கேட்கிற அளவுக்கு அரை அங்குலம் மேலேயே நின்றது. உயரம் தாராளம். இதுவே போதும், வீட்டில் இருந்து நன்றாகத் தூங்கி எழுந்து போ என்றேன். அரை அங்குலத்தை நம்பிப் போகச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான்.

அது அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். காலையில் கம்மங்கூழ், ராத்திரி ரேஷன் அரிசியில் ஒரு கை. வாரத்துக்கு நாலு முட்டை வாங்குவதே எங்களுக்குப் பெரும்பாடு. அந்த நாலையும் அவன் மடியில் கட்டிக்கொண்டு போய் வாத்தியாருக்குக் கொடுத்தான். நான் ஆக்கிப் போடுகிற கூழில் என் தம்பி தூக்குகிறான், என் தம்பி முட்டையில் அந்த மனுஷன் மீசை வளர்க்கிறான்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் டேப்பைப் போட்டேன். கால் அங்குலம் குறைந்திருந்தது. மூச்சை நன்றாக இழு என்றேன். இழுத்தான். ஏறவில்லை.

"டேப்பு இழுத்துப் போயிருக்கும்க்கா" என்றான். "மொதல்ல வத்துமாம், பெறகுதான் ஏறுமாம். வாத்தியார் சொல்றாக."

வற்றுவதற்கு அவன் உடம்பில் என்ன இருந்தது? எவ்வளவு நேரம் தூக்கலாம் என்று என்னைக் கேட்டிருந்தால், தின்ற சோறு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் என்று சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

அதற்குள் சீசன் வந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் குச்சிகளைக் காயவைத்து அடைத்து அனுப்பியாக வேண்டும். வடக்கே இருந்து ஆர்டர் குவிந்துகொண்டிருந்தது. கம்பெனியில் ஓவர்டைம் போட்டார்கள். ஆறு மணிக்கு ஊதிய சங்கு ஏழுக்குப் போயிற்று, பிறகு எட்டுக்குப் போயிற்று. கூடத்தில் சட்டம் அப்படியே இருந்தது. சங்கு ஊதவில்லை, அதனால் கட்டையை யாரும் கீழே வைக்கவில்லை. தண்டால் எடுப்பார்கள், பஸ்கி போடுவார்கள், மறுபடியும் கம்பியைத் தூக்குவார்கள். மூச்சு வாங்குகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். நடுநடுவே வாத்தியார் காறித் துப்புகிற சத்தமும் வரும். எவனோ ஒரு முதலாளிக்கு லோடு ஏற்ற வேண்டும் என்பதற்காக, அந்தக் கம்பெனியோடு ஒரு சம்பந்தமும் இல்லாத பிள்ளைகள் இங்கே சிமெண்ட் டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இப்படி ஒரு கூத்து வேறு ஊரில் நடந்திருக்காது.

ஒருநாள் ராத்திரி தம்பி வந்ததும் வராததுமாகக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான். காலையில் குடித்த கூழ் எப்போதோ தீர்ந்திருந்தது. வெறும் மஞ்சள் நீர்தான் வந்தது. அம்மா அதன்மேல் சாம்பலைப் போட்டு அள்ளினாள்.

மறுநாள் எட்டு மணி தாண்டியும் சங்கு ஊதவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குள் போய்விட்டேன். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் துண்டைத் தேடினார்கள். செம்மண் தரை அவர்கள் வியர்வையில் சேறாகிக் காலில் ஒட்டியது. அந்தப் பிசுபிசுப்பை இப்போதும் என் உள்ளங்காலில் உணர்கிறேன்.

பொம்பளைகள் இங்கே வரக்கூடாது என்று வாத்தியார் கட்டிலில் இருந்தபடியே சொன்னார். கம்பெனிக்காரன் ஆர்டருக்காகச் சங்கைத் தள்ளிவைத்தால் இந்தப் பிள்ளைகள் ஏன் அதுவரை தூக்க வேண்டும் என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, நீங்க மணியடிச்சா புஸ்தகத்த மூடிட்டுப் போயிருவீக" என்றார். "ஒடம்புக்கு அந்த மாதிரி மணியெல்லாம் கெடையாது."

"மணி கெடையாதுன்னா சங்கு மட்டும் எதுக்கு? அது மருந்து முக்குறவுகளுக்கு ஊதுறது."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கம்பியை மார்பு வரைக்கும் தூக்கிப் பிடித்திருந்த என் தம்பி, கழுத்து நரம்பு புடைக்க என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ. மானத்த வாங்காத."

அப்போதும் அவன் அதைக் கீழே வைக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவன் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. நான் வீட்டுக்கு வந்து காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சங்கு அதற்கப்புறம் வெகுநேரம் கழித்துத்தான் ஊதியது.

விருதுநகர் மைதானத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி வரிசையில் நிற்கவைத்தார்களாம். உயரம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஓடச் சொன்னார்கள், ஓடினான். மார்பில் டேப்பைச் சுற்றிய போலீஸ்காரர் மூச்சை இழுக்கச் சொன்னாராம். நல்ல மனுஷன், இன்னொரு தடவையும் இழுக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அரை அங்குலம் பற்றவில்லை. தள்ளி நில்லு தம்பி என்றாராம். பஸ்ஸில் திரும்பி வந்தவன் இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். முதலில் நான் அளந்தபோது மிச்சமாக இருந்ததும் அதே அரை அங்குலம்தான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் துணி எடுக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி ஏன் தேறவில்லை என்று வாத்தியார் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவன் சங்குக்கு முந்தியே கட்டையை வைத்திருப்பான், அவன் அக்கா வந்து நின்ற அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றார். எல்லாரும் ஆமாம் போட்டார்கள். சுவரில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை லங்கோடுகளையும் குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விட்டேன். அது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

பொங்கல் கழிந்து தம்பி கம்பெனியில் சேர்ந்தான். அப்பாவின் பிள்ளை என்பதால் அப்பா நின்ற அதே மருந்து அறையில் இடம் கொடுத்தார்கள், அதை ஒரு சலுகைபோலச் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த சீசனும் வந்தது. மறுபடியும் ஓவர்டைம். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த பையன்களின் மூச்சுச் சத்தம், வாத்தியாரின் காறல். எட்டு மணிக்குச் சங்கு ஊதும். டின்கள் மடமடவென்று விழும். கொஞ்ச நேரத்தில் தம்பி வாசலில் செருப்பைக் கழற்றுவான்.

ஒருநாள் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன், தலையைத் தூக்காமல் சுவர்ப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டான்.

"இன்னைக்கு அங்கன எம்புட்டு நேரம் தூக்குனாங்க?"

"நீ வேல முடிச்சு வெளிய வர்ற வரைக்கும்" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்தான். அவன் கையிலிருந்து அப்பாவின் வாடை வந்தது.