பெட்ரோல் டேங்குக்கு ஒத்துக்கொள்ளாத க்ரீம்

பதினான்கு வயதில் என் முகத்தில் குடியேறிய பருக்கள் இருபத்தாறு வயதிலும் காலி செய்யவில்லை. அதற்குள் ஊரே எனக்கு வைத்தியராகிவிட்டது. ஓசூரில் இதற்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. தமிழில் பரு, கன்னடத்தில் மொடவெ, தெலுங்கில் மொடிமலு. ஒரே டவுன் பஸ்ஸில் மூன்று மொழியிலும் யோசனை கிடைக்கும். நாம் கேட்க வேண்டியதில்லை, சீட்டில் உட்கார்ந்தால் போதும். பக்கத்தில் இருக்கும் அம்மாள் முதலில் என் கன்னத்தைப் பார்ப்பார், பிறகு எந்த ஊர் என்று கேட்பார், பிறகு வேப்பிலை என்பார்.

என் அம்மாவுக்கு எல்லாமே சூடு. எங்கள் சொந்த ஊர் நாகரசம்பட்டிப் பக்கம், அங்கே கொஞ்சம் மாந்தோப்பு. "மாங்கா துன்னாத துன்னாதன்னா கேக்கறியா? அதான் மூஞ்சி பூரா வந்துகினு கீது" என்பாள். மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத கார்த்திகை மாதத்திலும் இதே வசனம்தான். அத்தை சொன்ன மருந்து கல்யாணம். "தாலி ஏறினா தானா போயிடும்" என்றாள். அத்தைக்குத் தாலி ஏறி இருபது வருஷமாகிறது, அவள் தாடையிலேயே இரண்டு இருந்தன. அதைச் சொன்னால் வாய் நீளம் என்பார்கள் என்று தெரியும். சொன்னேன். வாய் நீளம் என்றார்கள்.

எனக்கு வேலை, பைக்குகளின் பெட்ரோல் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில். டேங்குகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். ஸ்ப்ரே அடிக்கும் கண்ணாடி அறைக்குள் போவதற்கு முன், ஒட்டுப்பசை தடவிய ஒரு துணியால் ஒவ்வொன்றையும் துடைத்துத் தூசி இல்லாமல் அனுப்புவது என் பொறுப்பு. கான்ட்ராக்ட் வேலைதான். ஆனால் பெயிண்ட் ஷாப்பில் இருப்பவர்களில் சிலரைப் பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டது, அதில் என் பெயரும் இருந்தது. எனக்கு அது வேண்டும். வெறியோடு வேண்டும். பர்மனெண்ட் ஆனவளிடம் "எப்ப ஊருக்குத் திரும்பறே" என்று வீட்டில் கேட்க மாட்டார்கள்.

ரூமில் என்னோடு தங்கியிருந்தவள் கர்நாடக எல்லையில் இருக்கிற தளிக்காரி, பாதிப் பேச்சு கன்னடம். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். ஒருநாள் ஒரு சின்ன ட்யூபை என் மடியில் போட்டு, "ஏ, இத ஹச்சுடி. ஒரே வாரம், ஆமேலெ நோடு" என்றாள். பூசிவிட்டு அப்புறம் பார் என்று அர்த்தம். மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கிற க்ரீம். அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் பருக்கள் அடங்கி, முகம் வெள்ளை வெளேரென்று ஆனது. வீடியோ காலில் அம்மா, "இப்பதான் எம்பொண்ணு மாதிரி கீறே" என்றாள். இருபத்தாறு வருஷம் யார் பொண்ணு மாதிரி இருந்தேனோ தெரியவில்லை. க்ரீம் தீர்ந்து நாலு நாள் பூசாமல் இருந்தபோது, போனவை எல்லாம் சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

அப்புறம்தான் தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா ட்யூபை வாங்கிப் பார்த்துவிட்டு நேராகக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"ரூம்மேட்."

"அவங்க எங்க படிச்சாங்க?"

"தளி கவர்மெண்ட் ஸ்கூல்."

அவர் சிரிக்கவில்லை. இரவுக்கு ஒரு ஜெல் கொடுத்தார். அது தோலை வறளச் செய்யும் என்பதால் காலையும் மாலையும் பூச ஒரு மாய்ச்சுரைசர். முதல் மாய்ச்சுரைசரில் முகம் வடைச்சட்டி போல எண்ணெய் வடித்தது. இரண்டாவது எரிந்தது. மூன்றாவது பூசிய இடமே தெரியாமல் வழவழவென்று உட்கார்ந்துகொண்டது. "இதான் உங்க ஸ்கின்னுக்கு ஒத்துக்குது. சில மாசம் பொறுமையா இருங்க. கைய மட்டும் மூஞ்சிக்குக் கொண்டு போகாதீங்க" என்றார்.

பொறுமை எனக்குச் சொந்தத்தில் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முதலில் நெற்றி அடங்கியது, பிறகு கன்னம், கடைசியாகத் தாடை. ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது உள்ளங்கையில் எதுவும் தட்டுப்படவில்லை. பாத்ரூமில் தனியாக நின்று இளித்தேன். என் முகத்தை நானே தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது அதுதான் முதல் தடவை. அதன்பின் என் கை எனக்கு அடங்கவில்லை. பஸ்ஸில் கன்னத்தைத் தடவும், கேன்டீனில் தடவும், டேங்குக்கும் டேங்குக்கும் நடுவே க்ளவுஸோடு தடவும்.

அந்தச் சமயத்தில்தான் டேங்குகளுக்குப் பரு வந்தது.

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஓவனில் வெந்து வெளியே வரும் டேங்கில் பெயிண்ட் விலகி, குண்டூசித் தலை அளவில் குழிகள். விளிம்பு உப்பி, நடு பள்ளமாய். எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட தோற்றம். டேங்க் டேங்காய் ரிஜெக்ட் ஆயிற்று. கம்ப்ரஸரில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்தார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், தின்னர் மாற்றினார்கள். குழி போகவில்லை. எங்கள் இன்சார்ஜ் கோயமுத்தூர்க்காரர். பெண்கள் எல்லாரும் அவருக்கு அம்மணி. அவர்தான் குழிகள் எங்கள் ஷிஃப்டில் மட்டும் வருவதைக் கவனித்தார். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆராச்சும் புதுசா தலைக்கு, மூஞ்சிக்கு ஏதாச்சும் போடறீங்களா? சிலிக்கான் இருந்தா பெயிண்ட் ஒட்டாதுன்னு மொத நாளே சொன்னனுங்கல்லோ?"

சொல்லியிருந்தார்தான். சிலிக்கான் என்றால் பாத்ரூம் ஓட்டை அடைக்கிற சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்தேன். லாக்கருக்குப் போய் மாய்ச்சுரைசர் ட்யூபின் பொடி எழுத்துகளைப் படித்தேன். டைமெதிக்கோன் என்று ஒன்று இருந்தது. போனில் தேடினேன். சிலிக்கானேதான். என் கன்னத்திலிருந்து க்ளவுஸுக்கு, க்ளவுஸிலிருந்து டேங்குக்குப் போயிருக்கிறது. பர்மனெண்ட் போச்சு என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டு, ட்யூபை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.

மனிதர் திட்டுவார் என்று பார்த்தால் முகமெல்லாம் சந்தோஷம். ஒரு தகட்டில் க்ரீமைத் துளி தொட்டுத் துடைத்து, பெயிண்ட் அடித்து, ஓவனில் விட்டு எடுத்தார். குழி குழியாய் வந்திருந்தது. "பாருங்க, அப்படியே அச்சடிச்சாப்புல வந்துருக்குது!" என்று ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆளாளுக்கு என் தகட்டை ரசித்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"க்ரீமா, பெயிண்ட் ஷாப்பா, ரோசிச்சுச் சொல்லுங்க அம்மணி. அதுவரைக்கும் பேக்கிங்ல இருங்க."

பேக்கிங்கில் பர்மனெண்ட் என்ற பேச்சே கிடையாது. டாக்டரிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஸ்கின்னுக்கு ஒத்துக்கணும்னு வருவாங்க. டேங்குக்கும் ஒத்துக்கணும்னு வந்தது நீங்கதான்" என்று சிலிக்கான் இல்லாத வேறொன்றை எழுதிக் கொடுத்தார். டேங்குக்கு அது பரம சாதுவாக இருந்திருக்கும். என் தாடையில் ஒரே வாரத்தில் ஏழெட்டு கிளம்பின. அன்றைக்குக் கண்ணாடி முன்னால் அழுதேன். துக்கமில்லை, சுத்தமான ஆத்திரம். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த முகத்தை ஒரு பெட்ரோல் டேங்குக்காக நான் ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? வேலையைத்தான் எதற்கு விட வேண்டும்?

டாக்டர் கொடுத்த அந்த மூன்றாவது க்ரீமையே மறுபடி எடுத்தேன். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டியபடி, முகம் மறுபடி அடங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு இன்சார்ஜைத் தேடிப் போனேன். ஓவனைத் தாண்டி, வெந்து வந்த டேங்குகளில் குறை தேடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அதுவும் பெயிண்ட் ஷாப்தான். புள்ளி ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று அங்கே இருபுறமும் வரிசையாக ட்யூப்லைட் போட்டிருப்பார்கள்.

"சார், க்ரீம விட மாட்டேன். என்னை இங்க போடுங்க. வெந்த பெயிண்ட்ட க்ரீம் ஒண்ணும் பண்ணாது."

"இந்த வேலைக்குக் கண்ணு வேணுமுங்க அம்மணி. கடுகாட்டம் ஒரு குழி இருந்தாலும் உடப்படாது. உங்களுக்கு இதுல என்ன அனுபவம்?"

"பன்னெண்டு வருசம். தெனமும் காலைல, கண்ணாடில. எது இன்னிக்கு வந்தது, எது நாளைக்கு வரும், எது தழும்பாவும், எல்லாம் தெரியும் சார். நம்பலன்னா என் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். டேங்கைப் பார்ப்பது போலவே, தலையைச் சாய்த்து ஒருபக்கம், பிறகு மறுபக்கம். நெற்றியில் ஆரம்பித்துத் தாடைவரை வந்தார்.

"எங்கீங்க?" என்றார். "ஒண்ணையுங் காணமே?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போனார். "அட, அழுகாதீங்க அம்மணி. மாட்டேன்னா சொன்னேன்? திங்கக்கெழம வந்து சேருங்க" என்றார். திங்கட்கிழமை சேர்ந்தேன், ஆடியில் பர்மனெண்டும் ஆனேன். வேலைக்காக அழுதேன் என்றே அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. இத்தனை நாளாக அவர் பக்கத்திலேயே நின்று வேலை செய்கிறேன். ஒரு டேங்கைப் பார்த்துக்கூட அவர் "ஒண்ணையுங் காணமே" என்று சொல்லி நான் கேட்டதில்லை.